கேசில்வேனியா: படிக்கட்டு ஏறின காலமும் மேப் நிரப்பின காலமும்

டிராகுலாவோட கோட்டைக்குள்ள சாட்டையோட போயி சண்டை போடுற வீடியோ கேம் சீரிஸ் கேசில்வேனியா, கோனாமி கம்பெனியோடது. அதோட முதல் கேம்ல டெத்ங்கிற பாஸோட, அதாவது பெரிய எதிரியோட ரூமுக்கு முன்னாடி ஒரு நீளமான காரிடார் வரும், ஆடினவங்க யாருக்கும் அது மறக்காது. தரையில கோடாரி வீசுற கவச வீரனுங்க நிப்பானுங்க, அந்தக் கோடாரி ஒரு தடவை தலை உயரத்துல வரும், ஒரு தடவை கால் உயரத்துல வரும், வந்தது திரும்ப அவன் கைக்கே போகும். இதுக்கு நடுவுல மெடூசா தலைங்க அலை மாதிரி மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே குறுக்க பறந்து வந்துக்கிட்டே இருக்கும், நிக்கவே நிக்காது. நம்ம லைஃப் பார்ல மொத்தம் 16 கட்டம், ஆரம்ப ஸ்டேஜ்ல ஒரு அடிக்கு 2 கட்டம்தான் போகும், ஆனா இங்க வரும்போது ஒரு அடிக்கு 4 கட்டம். அதாவது நாலு அடி, அவ்வளவுதான் ஆயுசு, அதுக்கப்புறம்தான் டெத்தே வரான்.

11 வருஷம் கழிச்சு அதே சீரிஸ்ல வந்த சிம்ஃபனி ஆஃப் தி நைட்லயும் க்ளாக் டவர்ல அதே மெடூசா தலை இருக்கு, அதே அலை மாதிரிதான் ஆடுது, பல்சக்கரங்களுக்கு நடுவுல நம்மள தள்ளி விடப் பாக்குது. ஆனா அங்க யாருக்கும் அது கெட்ட கனவா ஞாபகம் இருக்காது. சிலது நம்மள கல்லாக்கிடும், கொஞ்சம் கடுப்பாகும், பட்டனைத் தட்டி வெளிய வந்துட்டு போய்க்கிட்டே இருப்போம். பெரும்பாலான பேர் இதைப் பாத்துட்டு பழைய கேம் கஷ்டம், புது கேம் ஈஸின்னு சொல்லிட்டு முடிச்சிடுவாங்க. எனக்கு அது பத்தாதுன்னு தோணுது. கஷ்டம் குறைஞ்சது ஒரு விளைவு மட்டும்தான், உண்மையில மாறினது ரூம். பழைய கேசில்வேனியால ஒவ்வொரு ரூமும் நம்மகிட்ட கேக்கப்படுற ஒரு கேள்வி, பதில் சொன்னா அடுத்ததுக்கு போலாம், சொல்லலைன்னா திரும்ப முதல்ல இருந்து. சிம்ஃபனிக்கு அப்புறம் ரூம்ங்கிறது ஒரு இடம், நாம வந்து போய் வந்து போய் பழகுற இடம். இந்த ஒரு மாத்தத்தைப் பிடிச்சிக்கிட்டா மத்த எல்லா வித்தியாசமும் தானா புரியும்.

முதல்ல அந்தக் கேள்வி எப்படி உருவாச்சுன்னு பாப்போம், ஏன்னா அதுல இருக்குற கைவேலை சாதாரணமானது இல்ல. 1986 செப்டம்பர்ல நின்டெண்டோவோட கேம் மெஷினான ஃபேமிகாமோட டிஸ்க் சிஸ்டத்துக்கு வந்துச்சு முதல் கேம். அதோட ஹீரோ சைமன் பெல்மான்ட் குதிச்சான்னா குதிச்சதுதான், காத்துல திசை மாத்த முடியாது, பாதியில நிறுத்த முடியாது. சாட்டையை சொடுக்க பட்டனை அமுக்கினா கை பின்னாடி போயி அப்புறம்தான் முன்னாடி வரும், அந்தச் சின்ன தாமதத்துக்குள்ள எதிரி எங்க இருப்பான்னு நாம முன்கூட்டியே கணக்கு போட்டிருக்கணும். சாட்டை நேரா முன்னாடி மட்டும்தான் போகும். படிக்கட்டுல ஏறும்போது குதிக்க முடியாது. அடி வாங்கினா பின்னால தூக்கி எறியப்படுவோம், பின்னால பள்ளம் இருந்தா 16 கட்டம் முழுசா இருந்தாலும் செத்தோம்.

இதையெல்லாம் பழைய டெக்னாலஜியோட குறைன்னு சொல்றவங்க இருக்காங்க. ஒரு வருஷம் முன்னாடி 1985-லயே சூப்பர் மாரியோ ப்ரோஸ்ல காத்துல திசை மாத்த முடிஞ்சதே, அதே மெஷின்ல. அப்போ இது தெரிஞ்சு எடுத்த முடிவுதான். சைமனோட ஒவ்வொரு அசைவும் ஒரு வாக்கு கொடுக்குற மாதிரி, கொடுத்தா திரும்ப வாங்க முடியாது. அதனால டிசைன் பண்ணினவங்களுக்கு ஒரு பெரிய வசதி கிடைச்சுது: இந்த ரூமுக்குள்ள வரவன் எந்தப் பக்கத்துல இருந்து வருவான், எவ்வளவு தூரம் குதிப்பான், சாட்டை எவ்வளவு நீளம் போகும், எல்லாமே அவங்களுக்கு முன்கூட்டியே தெரியும். சாட்டை கூட ரெண்டு தடவைதான் வளரும், அதுவும் மெழுகுவத்தியை அடிச்சா உடனே கிடைச்சிடும். இப்படி எல்லாம் தெரிஞ்சதால ஒரு மெடூசா தலை எந்த உயரத்துல வரணும், ஒரு படிக்கட்டு எங்க முடியணும்னு நூல் பிடிச்ச மாதிரி வைக்க முடிஞ்சுது.

சப்-வெப்பன், அதாவது சாட்டைக்கு துணையா எடுத்துக்கிற ஆயுதம், அந்த விஷயத்தை பாருங்க, சாட்டை மேல போகாதுங்கிறதுக்கு பதில்தான் கோடாரி, வளைஞ்சு மேல போயி விழும். தரையில ஊர்ந்து வரதுக்கு புனித நீர், விழுந்த இடத்துல எரியும், எரியுற நேரத்துல பல எதிரிங்க அப்படியே உறைஞ்சு நிப்பாங்க. தூரத்துக்கு சிலுவை, பூமராங் மாதிரி போயி திரும்பும். கையில ஒண்ணுதான் வச்சிக்க முடியும், தெரியாம வேற ஒண்ணை எடுத்துட்டா முன்னாடி இருந்தது போச்சு. அந்த காரிடாருக்கு எதை எடுத்துட்டு போறதுங்கிறதே பாதி சண்டை. புனித நீரை விடாம டெத் கிட்ட வரைக்கும் கொண்டு போயிட்டா அவனையே அசைய விடாம எரிக்கலாம், ஆனா அதை அங்க வரைக்கும் உயிரோட கொண்டு போகணுமே.

இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, கேம் சின்னது. நல்லா பழகினவன் அரை மணி நேரத்துக்குள்ள மொத்தத்தையும் முடிச்சிடலாம், 18 ஸ்டேஜ்தான். அந்தக் காலத்துல ஒரு கேம்ல அடைக்க முடிஞ்ச டேட்டா அவ்வளவுதான், அதனால ஒவ்வொரு ரூமும் பல தடவை ஆட வைக்கிற ரூமா இருக்க வேண்டியிருந்துச்சு. அரை மணி நேர கேமை ஒரு மாசம் ஆட வச்சது அந்த கஷ்டம்தான்.

சரி, இங்க ஒரு விஷயம் பலருக்கு தெரியாது. சுத்தித் தேடுற ஆசை இந்த சீரிஸுக்கு 1997-ல திடீர்னு வந்தது இல்ல, பிறந்த வருஷத்துலயே இருந்துச்சு. 1986-லயே எம்எஸ்எக்ஸ்2 கம்ப்யூட்டருக்கு வாம்பயர் கில்லர்னு ஒரு வெர்ஷன் வந்துச்சு, அதே கோட்டை அதே சைமன், ஆனா ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் சாவியைத் தேடி எடுத்துதான் வெளிய போக முடியும். இதுல ஒரு அழகான பொருத்தம் என்னன்னா, நின்டெண்டோவோட சுத்தித் தேடுற கேமான மெட்ராய்டும் அதே 1986-ல, ஆகஸ்ட் மாசம், அதே டிஸ்க் சிஸ்டத்துலதான் வந்துச்சு. பின்னாடி ரெண்டு பேரையும் ஒட்டி இந்த சுத்தித் தேடுற வகைக்கே மெட்ராய்ட்வேனியான்னு ஒரே சொல்லா ஆக்கப்போற ரெண்டு கேமும் ஒரே மெஷின்ல ஒண்ணோ ரெண்டோ மாசம் இடைவெளியில பிறந்திருக்கு.

அடுத்த வருஷமே, 1987-ல சைமன்ஸ் குவெஸ்ட் வந்துச்சு. ஊர்கள் இருக்கு, பேச ஆளுங்க இருக்காங்க, பகல் ராத்திரி மாறுது, ராத்திரியானா எதிரிங்க பலம் கூடுது, இதயங்கள் பணமா மாறுது, எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட் வச்சு லெவல் ஏறுது. எத்தனை நாள்ல முடிச்சோம்ங்கிறதைப் பொறுத்து முடிவு கூட மாறும். பேப்பர்ல பாத்தா பத்து வருஷம் கழிச்சு சிம்ஃபனி செஞ்ச பல விஷயம் இதுலயே இருக்கு. அப்புறம் ஏன் இது தடுமாறிச்சு? எல்லாரும் ஒரு மலைக்கு முன்னாடி சிவப்பு கிரிஸ்டலை வச்சிக்கிட்டு முட்டி போட்டு உக்காந்தாதான் சூறாவளி வந்து தூக்கிட்டு போகும்ங்கிறதை சொல்லுவாங்க, அதை யாரும் தானா கண்டுபிடிக்க முடியாதுன்னு, ஆங்கில மொழிபெயர்ப்பு வேற குழப்படி. அது உண்மைதான். ஆனா எனக்கு அதுக்கு அடியில ஒரு பெரிய காரணம் தெரியுது. சைமன் கடைசி வரைக்கும் அதே சைமன்தான். ஆரம்பத்துல எப்படி குதிச்சானோ கடைசியிலயும் அப்படியேதான் குதிக்கிறான். கையில சாமான் சேருது, ஆனா உடம்பு மாறல. அதனால ஏற்கனவே போன இடத்துக்கு திரும்ப போகும்போது அந்த இடம் வேற மாதிரி தெரியவே மாட்டேங்குது, அதே பாதையில அதே எலும்புக்கூட்டை அடிச்சிக்கிட்டு திரும்ப நடக்குறோம். கேள்வி கேக்குற கேமோட உடம்பை வச்சிக்கிட்டு சுத்தித் தேடுற கேமோட உலகத்துல விட்டா இப்படித்தான் ஆகும். மேப்பும் கிடையாது.

அதுக்கப்புறம் சீரிஸ் திரும்ப பழைய வழிக்கே போச்சு. 1989-ல வந்த மூணாவது கேம்ல பாதை பிரியும், கூட வர ஆளை மாத்தி ஆடலாம், டிராகுலாவோட மகன் அலுகார்டை, பின்னாடி சிம்ஃபனியோட ஹீரோ ஆகப்போறவனை, முதல் தடவையா பாக்குறது அங்கதான். 1991-ல சூப்பர் கேசில்வேனியா 4-ல சாட்டையை எட்டு திசையிலயும் வீசலாம், காத்துல திசையும் மாத்தலாம். பாக்க ரொம்ப அழகான கேம், ஆனா அங்கயே கேள்வி தளர ஆரம்பிச்சிடுச்சு, சாட்டையே மேல போகுதுன்னா கோடாரி எதுக்கு? சப்-வெப்பனைத் தொடாமலே பெரும்பாலான கேமை முடிச்சிடலாம். ஒரு அசைவை கூட்டினா பத்து ரூமோட கணக்கு மாறிப் போகுதுங்கிறது அங்க கண்ணுக்கு முன்னாடி நடந்துச்சு. 1993-ல பிசி எஞ்சின்ல வந்த ரோண்டோ ஆஃப் ப்ளட் இதைப் புரிஞ்சிக்கிட்ட மாதிரி அதோட ஹீரோ ரிக்டரோட அசைவை திரும்ப இறுக்கி, அதே நேரத்துல ஸ்டேஜுக்குள்ள ஒளிஞ்ச பாதைகளையும் வச்சுது, என்னைக் கேட்டா பழைய பாணியோட உச்சம் அதுதான்.

1997 மார்ச்சுல ப்ளேஸ்டேஷன்ல சிம்ஃபனி வந்துச்சு. எல்லாரும் 3டி பக்கம் ஓடிக்கிட்டிருந்த நேரம், ஒரு வருஷம் முன்னாடிதான் மாரியோ 64 வந்திருக்கு, அந்த நேரத்துல கோனாமியில டோரு ஹகிஹரா டைரக்ட் பண்ண, கோஜி இகராஷி துணையா நிக்க, ஒரு 2டி கேமை பண்ணாங்க. ஓவியம் அயாமி கோஜிமா, இசை மிச்சிரு யமானே. இகராஷி பின்னாடி பேசினதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, பழைய பாணி ஆக்‌ஷன் கேம் நல்லா ஆடுறவனுக்கு சீக்கிரமே முடிஞ்சிடுது, ஆடத் தெரியாதவனுக்கு முடியவே மாட்டேங்குது, ரெண்டு பேரும் நீண்ட நாள் ஆடுற மாதிரி ஒண்ணு வேணும். ரெண்டாவது, முன்மாதிரியா மனசுல இருந்தது மெட்ராய்ட் இல்ல, நின்டெண்டோவோட சாகச கேமான செல்டா. எனக்கு இது ரொம்ப நாள் ஆச்சரியமா இருந்துச்சு, ஏன்னா மேப்பைப் பாத்தா அப்படியே சூப்பர் மெட்ராய்ட் மாதிரி இருக்கு. ஆனா ஆடிப் பாத்தா புரியும், கோட்டை முழுக்க ஒளிச்சு வச்ச பொருள், கடை, லைப்ரரியில உக்காந்து வியாபாரம் பண்ற கிழவர், கத்தியும் கவசமும் மாத்தி மாத்தி போட்டுப் பாக்குறது, இந்த சந்தோஷமெல்லாம் செல்டா பக்கத்துலயும், லெவல் ஏத்தி ஆடுற ஆர்பிஜி கேம்கள் பக்கத்துலயும் இருந்து வந்தது.

ஆரம்பமே எவ்வளவு யோசிச்சு வச்சிருக்காங்க பாருங்க. அலுகார்ட் நல்ல கவசம் நல்ல வாளோட கோட்டைக்குள்ள ஓடி வரான், வாசல்ல நிக்கிற ஓநாய் எல்லாம் ஒரே வெட்டுல போகுது, கொஞ்ச தூரத்துல டெத் வந்து மொத்தத்தையும் பிடுங்கிட்டு போயிடுறான். சண்டை கூட கிடையாது. முதல் கேம்ல நாலு அடியில நம்மள கொன்ன அதே டெத் இங்க நம்ம சாமானை எடுத்துட்டு போறவன். அந்த இடத்துல இருந்து கேம் நம்மகிட்ட சொல்றது, நீ இழந்ததைத் தேடிப் போன்னு. கொஞ்சம் போனா ஒரு நீலக் கதவு, திறக்காது. கொஞ்சம் போனா எட்டாத ஒரு விளிம்பு. பழைய கேம்ல எட்டாத இடம்ங்கிறதே கிடையாது, திரையில தெரியுற எல்லாத்துக்கும் அப்பவே பதில் இருக்கும். இங்க எட்டாத இடம் மனசுல ஒரு முடிச்சா விழுது, மூணு மணி நேரம் கழிச்சு ரெட்டைத் தாவல் கிடைக்கும்போது முதல்ல ஞாபகம் வரது அந்த விளிம்புதான்.

அப்புறம் பனிமூட்டமாகலாம், ஓநாயாகலாம், வௌவாலாகலாம். வௌவாலான அன்னைக்கு வாசல் பக்கம் திரும்பப் போய்ப் பாருங்க, அன்னைக்கு தரையில நடந்து வந்த அதே ஹாலோட கூரைப் பக்கம் எல்லாம் இப்போ நமக்கு சொந்தம். சைமன்ஸ் குவெஸ்ட்டால முடியாதது இதுதான், இடம் மாறாம உடம்பு மாறி, அதனாலயே இடம் புதுசாகுறது. போன ஒவ்வொரு கட்டமும் மேப்ல நீலமா நிரம்பும், எத்தனை சதவீதம் பாத்தோம்னு கணக்கு காட்டும், அந்தக் கணக்கு 100-ஓட நிக்காது. சரியான கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரிக்டரை ஆட்டி வைக்கிறது யாருன்னு கண்டுபிடிச்சா மேல ஒரு தலைகீழ் கோட்டை திறக்கும், மொத்தமா நிரப்பினா 200.6 சதவீதம். அதே ரூம்களைத் தலைகீழா புரட்டி வச்சா கூட ஆட முடியுதுங்கிறதே ரூம் எவ்வளவு மாறிப் போச்சுங்கிறதுக்கு சாட்சி, முதல் கேமோட காரிடாரைப் புரட்டிப் போட்டா ஒரு அடி கூட எடுத்து வைக்க முடியாது.

இதுக்கு கொடுத்த விலையும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. ஆடுறவன் எந்தப் பக்கத்துல இருந்து வருவான், எந்த லெவல்ல வருவான், கையில என்ன இருக்கும், பறப்பானா நடப்பானான்னு டிசைன் பண்றவங்களுக்கு இனிமே தெரியாது. அப்போ எதிரியை நூல் பிடிச்சு வைக்க முடியாது. ரோண்டோல இருந்த பல எதிரிங்களோட அதே படத்தை எடுத்து சிம்ஃபனியில வச்சிருக்காங்க, அங்க வழியை மறிச்சு நின்னவனுங்க இங்க அந்த வீட்டுல குடியிருக்குறவனுங்க மாதிரி ஆயிட்டானுங்க. கிரிசேக்ரிம்னு ஒரு வாள் கிடைச்சா பட்டனைத் தட்டிக்கிட்டே நடந்தா போதும், முன்னாடி இருக்குறது எல்லாம் தூளாகும். தலைகீழ் கோட்டையில பாதி நேரம் பறந்தே போயிடுறோம், கீழ யார் இருக்காங்கன்னு பாக்கிறதே இல்ல. அந்தக் கேமை உயிரா நேசிக்கிற எனக்கே அந்த ரெண்டாவது பாதி மெலிஞ்சுதான் தெரியுது.

பின்னாடி வந்த கையடக்க கேம்கள்ல இகராஷி இந்த ஓட்டையை அடைக்கத்தான் மாத்தி மாத்தி முயற்சி பண்ணிருக்கார்னு நான் நினைக்கிறேன். 2003-ல ஆரியா ஆஃப் சாரோ, ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு ஆன்மா, கொன்னா சில சமயம் அது நமக்கு கிடைக்கும், அந்த எதிரியோட சக்தி நம்ம கையில. எதிரி தடையா இல்லாம போனா சரி, விளைச்சலா மாத்திடுவோம்ங்கிற யோசனை, ரொம்ப புத்திசாலித்தனமானது. ஒரே ரூமுக்கு முப்பது தடவை போய் வந்து ஒரே எதிரியை அடிச்சவங்களுக்குத் தெரியும் அந்த ருசியும் அலுப்பும். 2008-ல ஆர்டர் ஆஃப் எக்லேசியா நேர் எதிரா போச்சு, ஒரே பெரிய கோட்டைன்னு ஆரம்பிக்காம தனித்தனி ஏரியாவா பிரிச்சாங்க. அப்படி பிரிச்சதும் ஆடுறவன் எந்த நிலைமையில வருவான்னு ஓரளவு திரும்ப கணிக்க முடிஞ்சுது, உடனே எதிரிங்க கடிக்க ஆரம்பிச்சாங்க. லைட்ஹவுஸ் உள்ள ஒரு ராட்சத நண்டு நம்மள துரத்திக்கிட்டே மேல ஏறும், கடைசியில லிஃப்டை அது தலையில இறக்கணும், அதுக்குள்ள எத்தனை தடவை சாவோம்னு கணக்கே இல்ல. பாஸை அடியே வாங்காம ஜெயிச்சா மெடல் வேற. 1986-ஓட அந்தக் கண்டிப்பான குரல் அதுல திரும்பக் கேட்டுச்சு.

இகராஷி 2014-ல கோனாமியை விட்டு வெளிய வந்தாரு, அடுத்த வருஷம் ஆடுறவங்ககிட்டயே பணம் திரட்டுற கிக்ஸ்டார்ட்டர்ல ப்ளட்ஸ்டெயின்டுங்கிற அவரோட புது கேமுக்கு 55 லட்சம் டாலருக்கு மேல சேந்துச்சு. அதுல எனக்கு பிடிச்ச விஷயம் என்னன்னா, தேடிச் சுத்துற பெரிய கேம் 2019-ல வரதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே கர்ஸ் ஆஃப் தி மூன்னு ஒரு 8-பிட் பாணி கேமும் வந்துச்சு, நேரா போற பழைய வகை. அதை ஆரம்பிக்கும்போதே ரெண்டு விதமா ஆடலாமான்னு கேக்கும், ஒண்ணுல அடி வாங்கினா பின்னால தூக்கி எறியும், இன்னொண்ணுல எறியாது. அந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துட்டா அதே பள்ளம் அதே எதிரி எவ்வளவு சாதுவா ஆயிடுதுன்னு ரெண்டையும் மாத்தி மாத்தி ஆடிப் பாத்தா கையிலயே தெரியும். ரெண்டு வகையும் ஒரே பேருக்குக் கீழ சேந்து வர வேண்டிய தேவை இருந்துச்சுன்னா, ஒண்ணு இன்னொண்ணை அழிச்சுட்டு வந்த வளர்ச்சி இல்லைன்னுதானே அர்த்தம்.

இந்த வித்தியாசத்தை கையில உணரணும்னு ஆசைப்படுறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது ஒண்ணுதான், ரோண்டோவோட கடைசி சண்டையையும் சிம்ஃபனியோட முதல் சண்டையையும் அடுத்தடுத்து ஆடுங்க. ரெண்டும் ஒரே சண்டை, அதே ரிக்டர், அதே சிம்மாசன அறை, அதே டிராகுலா தோன்றி மறைஞ்சு நெருப்பு வீசுறான். 2007-ல பிஎஸ்பிங்கிற கையடக்க மெஷினுக்கு வந்த டிராகுலா எக்ஸ் க்ரானிக்கிள்ஸ்ல ரெண்டு கேமும் ஒரே டிஸ்க்ல இருக்கு. ரோண்டோல அங்க போறதுக்குள்ளயே கை வேர்த்திருக்கும், தோத்தா தோத்ததுதான், திரும்ப வரணும். சிம்ஃபனியில அதே அறையில உயிர் முழுசா போற நேரம், ரோண்டோல வர சின்னப் பொண்ணு மரியா வந்து நிப்பா, ரிக்டரைக் காப்பாத்தி திரும்ப நிறுத்துவா, அந்தச் சண்டையில தோக்கவே முடியாது. ஜெயிச்ச பிறகு எப்படி ஆடினோம், எவ்வளவு அடி வாங்கினோம், எதைப் பயன்படுத்தினோம்ங்கிறதை எல்லாம் கேம் அமைதியா கணக்கு போட்டு, கொஞ்ச நேரத்துல ஓநாய்ங்களை வெட்டிக்கிட்டு கோட்டைக்குள்ள ஓடி வரப்போற அலுகார்டோட பலத்தைக் காட்டுற எண்கள்ல சேத்து வைக்கும்.